நான்கு பெட்டி, ஒரே பெயர்: ஸ்விட்ச் அடுக்கைப் பழுது பார்ப்பது எப்படி?

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறியியல் பிரிவு, பிள்ளையார்பாளையம்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்போ உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்று விட்டார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று தறி. பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. இன்னொன்று, இந்த வருடம் இன்பிளான்ட் டிரெயினிங்கில் நான் செய்த ஒரு தப்பினால் கற்றுக்கொண்டது. அது ஸ்விட்ச் பற்றியது.

வீட்டில் அம்மாவிடம் "ஸ்விட்ச் பத்தி படிக்கிறேம்மா" என்றேன். "லைட்டு போடுற ஸ்விட்சா? அதுக்கா மூணு வருஷம்?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால்தான் எனக்கே புரிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். முதலாம் ஆண்டு தம்பி தங்கைகளும் பயப்படாமல் படிக்கலாம்.

ஸ்விட்ச் என்றால் என்ன?

பல கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்க முன்பு ஹப் என்ற பெட்டியைப் பயன்படுத்தினார்கள். ஹப்புக்கு மூளை கிடையாது. ஒரு போர்ட்டில் வந்த செய்தியை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். ஒரு தெருவுக்கு வந்த கடிதத்தை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சத்தமாகப் படிக்கிற தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் அப்படியில்லை. அது விலாசம் கற்றுக்கொள்ளும் தபால்காரர். ஒவ்வொரு கணிப்பொறியின் நெட்வொர்க் கார்டுக்கும் மேக் அட்ரஸ் என்று ஒரு விலாசம் உண்டு. ஒரு செய்தி எந்தப் போர்ட் வழியாக உள்ளே வந்தது, அதை அனுப்பியவரின் மேக் அட்ரஸ் என்ன என்பதை ஸ்விட்ச் தன் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். அடுத்த முறை அந்த விலாசத்துக்குச் செய்தி வந்தால் நேராக அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் சாதாரணமாக 300 விநாடி அந்தக் கணிப்பொறியிடமிருந்து பேச்சே இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடும். விலாசம் தெரியாத செய்தியையும், எல்லாருக்கும் என்று வருகிற பிராட்காஸ்ட் செய்தியையும் மட்டும் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற கதைக்கு இதுதான் காரணம்.

இன்னொரு செய்தி. பல போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்ச்சை 1990 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் கல்பனா! இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் என்பவர் லாரி பிளேர் என்பவரோடு சேர்ந்து தொடங்கி, தன் மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். அந்த முதல் பெட்டியில் இருந்தவை ஏழே போர்ட்டுகள். 1994-ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது.

ஒன்று போதாதபோது

ஒரு ஸ்விட்ச்சில் 24 அல்லது 48 போர்ட் இருக்கும். 150 கணிப்பொறி உள்ள ஒரு மாடிக்கு நான்கு ஸ்விட்ச் வேண்டும். நான்குக்கும் தனித்தனி ஐ.பி. விலாசம், தனித்தனி பாஸ்வேர்டு, தனித்தனி அமைப்பு. ஒரு மாற்றம் செய்ய வேண்டுமென்றால் நான்கிலும் நுழைந்து நான்கு முறை செய்ய வேண்டும். மூன்றில் செய்துவிட்டு ஒன்றில் மறந்துபோனால் அன்றைக்குத் தூக்கம் போச்சு!

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். எனவே பிரித்துச் சொல்கிறேன்.

முதல் வழி கிளஸ்டர், அதாவது கூட்டம். 1990-களின் இறுதியில் சிஸ்கோ கொண்டுவந்தது. ஒரு ஸ்விட்ச் தலைவன், அதற்குக் கமாண்ட் ஸ்விட்ச் என்று பெயர். மற்றவை உறுப்பினர்கள். தலைவனையும் சேர்த்து 16 ஸ்விட்ச் வரை ஒரு கூட்டத்தில் இருக்கலாம். தலைவனுக்கு மட்டும் ஐ.பி. விலாசம் இருந்தால் போதும், அதன் வழியாக மற்றவற்றுக்குள் போகலாம். சாதாரண நெட்வொர்க் கேபிளே போதும், பெட்டிகள் வேறு வேறு மாடியிலும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் தன் வேலையைத் தனியாகத்தான் செய்யும். நிர்வாகம் மட்டும்தான் பொது.

இரண்டாவது வழி ஸ்டேக், அதாவது அடுக்கு. பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ரேக்கில் வைத்து, பின்பக்கம் தனியான ஸ்டேக் கேபிளால் வளையமாகக் கோர்ப்பார்கள். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, கடைசியிலிருந்து மறுபடி முதல் பெட்டிக்கு. இப்போது நான்கு பெட்டியும் சேர்ந்து ஒரே ஸ்விட்ச். ஒரே பெயர், ஒரே ஐ.பி., ஒரே அமைப்பு. 2003-ல் வந்த சிஸ்கோ 3750 வகையில் ஒன்பது பெட்டி வரை கோர்க்கலாம், அந்த வளையத்தின் வேகம் 32 ஜிகாபிட். ஜூனிப்பர், எச்.பி. போன்ற மற்ற கம்பெனிகளும் வேறு வேறு பெயரில் இதே வேலையைச் செய்கிற பெட்டிகளை விற்றிருக்கின்றன.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். கிளஸ்டர் என்பது ஒரே மேஸ்திரியிடம் வேலை செய்கிற தனித்தனித் தறிகள். ஸ்டேக் என்பது கோர்வைப் புடவை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு நாடாவில் ஓடும். ஒரு பக்கம் நெசவாளி, மறுபக்கம் கோர்வை நாடா எறிகிறவர் என்று இரண்டு பேர் வேலை. ஆனால் ஒவ்வொரு ஊடையிலும் இழை இழையோடு கோர்த்துக்கொள்வதால் முடிந்தபின் அது ஒரே புடவை. எங்கள் அப்பா ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அந்த மறுபக்கத்தில் உட்கார்ந்தவர்தான்.

தலைவன் எப்படி வருகிறான்?

அடுக்கில் ஒரு பெட்டிதான் மாஸ்டர். யார் மாஸ்டர் என்று பெட்டிகளே தேர்தல் நடத்திக்கொள்ளும். நம் சங்கத் தேர்தல் மாதிரி போஸ்டர், கோஷம் எதுவும் கிடையாது!

ஏற்கெனவே மாஸ்டராக இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரே தொடர்வார். புதிதாகத் தேர்தல் என்றால், பிரையாரிட்டி எண் அதிகமுள்ள பெட்டி ஜெயிக்கும். இந்த எண் 1 முதல் 15 வரை வைக்கலாம். நாம் எதுவும் வைக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் 1. அப்படிச் சமமாக நின்றால், பழைய வகைகளில் இன்னும் சில விஷயங்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் மேக் அட்ரஸ் எது சிறியதோ அதற்குப் பதவி போகும். சிறிய மேக் அட்ரஸ் என்றால் பல சமயம் பழைய பெட்டி என்று அர்த்தம். நாம் கவனிக்காமல் விட்டால் இருப்பதிலேயே வயதான பெட்டி தலைவனாகிவிடலாம்! ஆகவே மாஸ்டராக வேண்டியதற்கு 15, அது செத்தால் அடுத்து வரவேண்டியதற்கு 14 என்று நாமே எழுதி வைத்துவிட வேண்டும். எண்ணை மாற்றியவுடனே தலைவன் மாறமாட்டான், அடுத்த தேர்தலில்தான் மாறுவான் என்பதையும் மறக்கக் கூடாது.

போர்ட் பெயரைப் படிப்பதும் சுலபம். 3/0/17 என்றால் மூன்றாவது பெட்டியில் 17-வது போர்ட். நடுவில் உள்ள எண் மாட்யூலைக் குறிக்கும்.

நான் செய்த தப்பு

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு டிரெயினிங். பெயர் வேண்டாம். அங்கே ஒரு மாடியில் நான்கு பெட்டி கொண்ட ஒரு அடுக்கு. ஒருநாள் காலை ஒரு மேஜைக்குக் கீழே சுத்தம் செய்யச் சொன்னார்கள். அங்கே ஐந்து போர்ட் உள்ள ஒரு சின்ன மேஜை ஸ்விட்ச், அதிலிருந்து தொங்கிக்கொண்டு ஒரு பேட்ச் கார்டு. யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, நல்லது செய்வதாக எண்ணி, தொங்கிய முனையை அதே சின்ன ஸ்விட்ச்சின் காலிப் போர்ட்டில் சொருகிவிட்டேன். அதாவது ஒரே கயிற்றின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில்.

சில நிமிஷம்கூட ஆகவில்லை. மாடி முழுக்க நெட்வொர்க் அப்படியே நின்னு போச்சு. பில்லிங் நிற்கிறது, பிரின்டர் நிற்கிறது, வாசலில் லாரி நிற்கிறது.

எங்களைப் பார்த்துக்கொண்ட சார் ஓடி வந்தார். முதல் கேள்வியே, "கடைசி கால் மணி நேரத்துல யார் எதைத் தொட்டீங்க?" என்பதுதான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் எதுவும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் ரேக்கின் பின்பக்கம் வேலை நடந்திருந்தது. எனவே சாருக்கு ஸ்டேக் கேபிள்மேல் சந்தேகம். அடுக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும் என்று நினைத்து, கன்சோல் கேபிளைச் சொருகி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்விட்ச்சின் மூளையே திணறிக்கொண்டிருந்ததால் ஒரு கட்டளை அடித்தால் பதில் வர அவ்வளவு நேரம் ஆனது. வளையம் சரியாக இருந்தது. நான்கு பெட்டியும் சரியாக இருந்தன. நாற்பது நிமிஷம் போயிற்று. அவர் சட்டை முழுக்க வியர்வை.

அப்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது தறியில் ஒரு இழை அறுந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா அதற்கு அப்புறமும் ஒரு ஜாண் நெய்துவிட்டார். கண்டுபிடித்தபின் அடிக்கவில்லை. "அறுந்தது தப்பில்லடா, அது அறுக்கும். அப்பவே சொல்லியிருந்தா ஒரு முடிச்சு. இப்ப புடவையே பழுது, கூலியில பிடிப்பாங்க" என்றார்.

சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மேஜைக்குக் கீழே குனிந்து கயிறைப் பிடுங்கினார். சில விநாடியில் மாடிக்கு உயிர் வந்தது.

என்ன நடந்தது?

நான் போட்டது ஒரு லூப். ஒரு பிராட்காஸ்ட் செய்தி அந்தச் சின்னப் பெட்டிக்குள் போனால் கயிறு வழியாகச் சுற்றித் திரும்பவும் அதற்குள்ளேயே வரும். பிராட்காஸ்ட் என்பதால் மறுபடி எல்லாப் போர்ட்டுக்கும் போகும், மறுபடி சுற்றும். ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் கணக்கு கிடையாது, தானாகச் சாகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிரதி மேலே அடுக்குக்கும் போகும். இதற்குப் பிராட்காஸ்ட் புயல் என்று பெயர். அதோடு, எல்லார் விலாசமும் அந்த ஒரு மேஜைப் போர்ட்டிலிருந்து வருவதுபோலத் தெரிவதால், அடுக்கின் அட்டவணையும் குழம்பி, எல்லார் கடிதத்தையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டும்.

இதைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ என்ற முறை இருக்கிறது. 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் வேலை பார்த்த ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் உருவாக்கினார். 1990-ல் 802.1டி என்ற தரமாக வந்தது. ஸ்விட்ச்சுகள் பி.பி.டி.யு. என்ற சின்னச் செய்திகளைத் தங்களுக்குள் அனுப்பி, எங்காவது வளையம் இருந்தால் ஒரு வழியை அடைத்துவிடும்.

அப்படியானால் எங்கள் மாடியில் ஏன் அடைக்கவில்லை? அந்தச் சின்ன ஸ்விட்ச்சுக்கு ஸ்பானிங் ட்ரீ தெரியாது. சில வகைகள் பி.பி.டி.யு.வை அப்படியே மேலே திருப்பி அனுப்பும். அப்போது பெரிய ஸ்விட்ச் கண்டுபிடித்துவிடும். பி.பி.டி.யு. கார்டு என்ற காவலைப் போட்டிருந்தால் அந்தப் போர்ட் தானே மூடிக்கொள்ளும். ஆனால் சில வகைகள் பி.பி.டி.யு.வை விழுங்கிவிடும். இது அந்த ரகம். இதற்கு மருந்து ஸ்டார்ம் கன்ட்ரோல். ஒரு போர்ட்டில் பிராட்காஸ்ட் இத்தனை சதவீதத்துக்கு மேல் வந்தால் தடு என்று அளவு வைப்பது. மறுநாள் சார் எல்லா மேஜைப் போர்ட்டுக்கும் இரண்டையும் போட்டார். பாதி போர்ட்டை என்னையே போட வைத்தார்!

பழுது பார்க்கும் வரிசை

சார் சொல்லிக் கொடுத்ததை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கட்டளைகள் சிஸ்கோ முறையில் உள்ளவை.

1. முதலில் கேள், பிறகு தொடு. கடைசியாக என்ன மாறியது? ஒருவருக்கா, ஒரு மாடிக்கா, எல்லாருக்குமா?

2. கண்ணால் பார். எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறி பிடித்த மாதிரி சிமிட்டினால் லூப் என்று சந்தேகப்படு. ஒரு பெட்டி முழுக்க இருட்டு என்றால் கரன்ட், பவர் சப்ளை.

3. வலைவழியாக நுழைய முடியாவிட்டால் கன்சோல் கேபிளில் நுழை.

4. "ஷோ ஸ்விட்ச்" அடி. எல்லாப் பெட்டியும் ரெடி என்று இருக்க வேண்டும். வெர்ஷன் மிஸ்மேட்ச் என்று வந்தால் அந்தப் பெட்டியின் மென்பொருள் மற்றவற்றோடு பொருந்தவில்லை. அதைச் சமமாக்கும்வரை அது அடுக்கில் வேலை செய்யாது.

5. "ஷோ ஸ்விட்ச் ஸ்டேக்-போர்ட்ஸ்" அடி. வளையத்தில் ஒரு இடம் அறுந்தால் வேலை நிற்காது, ஆனால் வளையத்தின் வேகம் பாதியாகும். யாரும் கவனிக்கமாட்டார்கள். இரண்டாவது இடமும் அறுந்தால்தான் விபரீதம். அடுக்கு இரண்டாகப் பிரிந்து, தலைவனில்லாத பாதியிலும் ஒரு தலைவன் வந்து, இரண்டு தலைவனும் ஒரே ஐ.பி. விலாசத்தோடு நிற்பார்கள். எனவே முதல் அறுப்பையே கண்டுபிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

6. "ஷோ லாக்கிங்" அடி. ஒரே மேக் அட்ரஸ் இரண்டு போர்ட்டுக்கு நடுவே தாவுகிறது என்று வரிசையாகச் செய்தி வந்தால், எல்லா வரியிலும் பொதுவாக வருகிற போர்ட்தான் குற்றவாளி. அன்று 3/0/17 என்று பதிவாகியிருந்தது. சார் இதை முதலில் பார்த்திருந்தாலும் நாற்பது நிமிஷம் மிச்சமாகியிருக்கும் என்று அவரே சொன்னார்.

7. "ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்" அடி. எர்-டிஸேபிள்டு என்று இருந்தால் ஸ்விட்ச் தானே மூடிய போர்ட். காரணத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ், மறுபக்கம் ஹாஃப் என்று இருந்தால் வேலை செய்யும், ஆனால் நத்தை வேகத்தில். பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

8. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்தது.

பெட்டி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. புதுப் பெட்டியை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டேக் கேபிளில் சொருகாதீர்கள். அதுவும் தன்னளவில் ஒரு தலைவன் அல்லவா? இரண்டு தலைவர்களுக்கும் தேர்தல் நடந்து, தோற்ற பக்கத்துப் பெட்டிகள் ரீபூட் ஆகும். தோற்றது உங்கள் பழைய அடுக்காக இருந்தால் மாடியே போச்சு! பெட்டியை அணைத்து வைத்து, கேபிள் சொருகி, பிறகு கரன்ட் கொடுக்க வேண்டும். அதே மாடல், அதே எண் என்றால் பழைய பெட்டியின் போர்ட் அமைப்பை மாஸ்டரே அதற்குக் கொடுத்துவிடும்.

சொல்வதற்குத் துணிவு

இது எனக்கு மட்டும் நடந்த கதையில்லை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் என்ற பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் சில நாட்கள் படுத்துவிட்டது. துண்டு துண்டாக வளர்ந்த வலை, ஸ்பானிங் ட்ரீ தாங்கக்கூடிய அளவைத் தாண்டிப் போயிருந்தது. மருந்துச் சீட்டும் பரிசோதனை முடிவும் மறுபடி காகிதத்தில் ஓடின. அங்கே கணிப்பொறிப் பிரிவின் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா அதை மூடி மறைக்கவில்லை. என்ன தப்பு நடந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதனால்தான் இன்று பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அதைப் படிக்க முடிகிறது.

நண்பர்களே, தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று எங்கே போனாலும் ரேக்கில் இந்தப் பெட்டிகள் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள நம் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான் போய் நிற்கப்போகிறோம். நம்மில் பலருக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. தப்பு செய்தால் வேலை போய்விடுமோ, "இதுக்குத்தான் படிக்க வெச்சோமா" என்பார்களோ என்ற பயம் எப்போதும் நெஞ்சில் இருக்கும். அந்தப் பயம்தான் அன்று என் வாயைக் கட்டியது. நாற்பது நிமிஷ நஷ்டத்துக்குக் கயிறு பாதிக் காரணம். என் வாய் மீதிக் காரணம்.

டிரெயினிங் முடிந்து சர்டிபிகேட் கொடுத்தபோது சார், "கமாண்ட் எல்லாம் யாருக்கு வேணும்னாலும் கத்துக் கொடுத்துடலாம்பா. வந்து சொன்ன பார், அது நீயே கொண்டு வந்தது" என்றார். வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் நாடாவை எறிந்துகொண்டே, "முடிச்சு போட்டாச்சு இல்ல, அப்புறம் என்ன?" என்றார்.

அடுத்த வருடம் டிரெயினிங் போகிற தம்பி தங்கைகளே, தொங்குகிற கயிறைப் பார்த்தால் உடனே சொருகாதீர்கள். சொருகிவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள்.